மொழியை விரிக்கும் உரிமை

மக்கள் வழங்கும் மொழிகளுக்குப் பிறந்த நாள் இல்லை. எந்தச் சொல்லை யார் முதன்முதல் உரைத்தார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கணிப்பொறிக்கு ஏவல் இடுவதற்கென்று மனிதர் வகுத்த மொழிகளோ அவ்வாறல்ல. அவற்றிற்குப் பிறந்த ஆண்டு உண்டு. ஆக்கியோர் பெயர் உண்டு. இன்னது செல்லும், இன்னது செல்லாது என்று வரையறுத்த இலக்கணமும் உண்டு. ஆனால் பிறந்த மொழி வளர வேண்டுமே! அதனை வளர்க்கும் உரிமை யாருக்கு உரியது? மொழியை ஆக்கியவர்க்கு மட்டுமா? அன்றி, அம்மொழியில் நாள்தோறும் நிரல் எழுதுகின்றவர்க்கும் அதில் பங்கு உண்டா? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதைப்பற்றி வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதிலிருந்து நான் கொண்ட முடிவையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இது மொழிகளை ஆக்கும் பேரறிஞர்க்கு மட்டும் உரிய வாதம் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. வங்கிக் கணக்கும், இரயில் பயணச் சீட்டும், மருத்துவமனைப் பதிவேடும் இன்று நிரல்களை நம்பியே நடைபெறுகின்றன. ஒரு நிரலை ஒருவர் ஒருமுறை எழுதுகிறார்; பின்னர் வருவோர் பலர் பலமுறை அதனைப் படித்துத் திருத்துகின்றனர். எழுதுகின்றவர் தம் கருத்துக்கு ஏற்ற சொல்லாட்சியை விரும்புவார். படிக்கின்றவரோ தாம் முன்பே அறிந்த சொற்களையே எதிர்பார்ப்பார். இவ்விருவர் விருப்பமும் நியாயமானதே. மொழியை விரிக்கும் உரிமையைக் கொடுத்தால் முன்னவர் மகிழ்வார். மறுத்தால் பின்னவர் மகிழ்வார். வழக்கு இத்தன்மையது என்பதை மனத்திற்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

1950-களின் தொடக்கத்தில் நிரல் எழுதுதல் மிகவும் வருத்தமான வேலை. பொறி செய்ய வேண்டிய ஒவ்வொரு சிறு செயலையும் தனித்தனி ஏவலாக எழுத வேண்டும். ஒரே ஏவல் தொடர் நிரலின் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். இதனால் சலிப்புற்றவர்கள் ஒரு வழி கண்டனர். அடிக்கடி வரும் தொடருக்கு ஒரு பெயர் இட்டனர். அப்பெயரை எழுதினால், மொழிபெயர்க்கும் நிரலே அத்தொடர் முழுவதையும் அவ்விடத்தில் விரித்து எழுதிக்கொள்ளும்படி செய்தனர். இவ்வாறு விரியும் பெயருக்கு ‘மாக்ரோ’ என்று பெயர். நிரல் எழுதுவோர் தம் மொழியைத் தாமே விரித்துக்கொண்ட முதற்படி இதுவே எனலாம்.

1957-ஆம் ஆண்டில் ஃபோர்ட்ரான் என்னும் மொழி வெளிவந்தது. ஜான் பாக்கஸ் என்பவரும் அவர் குழுவினரும் ஐ.பி.எம். நிறுவனத்தின் 704 என்ற பொறிக்காக அதனை ஆக்கினர். கணிதச் சூத்திரங்களை ஏறத்தாழக் கணித நூலில் எழுதுவது போலவே எழுத இயன்றது. பயன் மிகப் பெரிது, ஐயமில்லை. எனினும் அதனோடு ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. மொழியின் இலக்கணம் ஆக்கியோர் கையில் நின்றது. பயன்படுத்துவோர் அதற்குள் வாழ வேண்டியவராயினர். 1958-இல் வந்த இரண்டாம் ஃபோர்ட்ரான், தனியே எழுதிச் சேர்க்கத்தக்க துணை நிரல்களுக்கு இடம் தந்தது. ஆகவே புதிய பெயர்களை அம்மொழியில் சேர்க்கலாம். புதிய வாக்கிய அமைப்புகளைச் சேர்க்க இயலாது.

பெயரைச் சேர்ப்பதற்கும் வாக்கிய அமைப்பைச் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. ஆனால் இவ்வாதம் முழுவதற்கும் அடிப்படையானது. ஓர் எடுத்துக்காட்டால் அதனை விளக்குகிறேன். ‘காப்புப்படி இல்லாதிருந்தாலொழியப் பழைய கோப்பை அழித்துவிடு’ என்னும் பொருளில் ஏவல் இட விரும்புகிறோம். ‘ஒழிய’ என்ற சொல் நம் மொழியில் இல்லை. சரி, ‘ஒழிய’ என்று ஒரு செயற்கூற்றை நாமே எழுதிக்கொள்வோம். அதற்கு இரண்டு உள்ளீடுகள்: ஒன்று நிபந்தனை, மற்றொன்று செயல். இங்கேதான் இடர் நேர்கிறது. பெரும்பாலான மொழிகளில், ஒரு செயற்கூற்றை அழைத்தால், கணிப்பொறி முதலில் அதன் உள்ளீடுகள் யாவற்றையும் செய்து முடித்துவிட்டு, அதன் பின்னரே செயற்கூற்றினுள் புகும். அங்ஙனமாயின், காப்புப்படி உண்டா இல்லையா என்று ‘ஒழிய’ ஆராயத் தொடங்குமுன்பே கோப்பு அழிந்துபோயிருக்கும்! வெள்ளம் வடிந்தபின் அணை போட்ட கதையாகிவிடும். செயலைச் செய்வதா வேண்டாவா என்பதையே முடிவு செய்யும் சொல்லை வெறும் செயற்கூறாக ஆக்க இயலாது. மொழியின் இலக்கணத்திலேயே அதற்கு இடம் வேண்டும். இலக்கணத்தை விரிக்கும் உரிமை ஏன் கேட்கப்பட்டது என்பது இப்போது விளங்கும்.

அவ்வுரிமையைத் தெளிவாகக் கேட்டவருள் ஒருவர் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய். உயர்நிலை மொழிகளிலும் மாக்ரோ இருத்தல் வேண்டும். பயன்படுத்துவோர் புதிய வாக்கிய வகைகளைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 1960-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஜான் மெக்கார்த்தி என்பார் லிஸ்ப் என்னும் மொழியைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1958-இல் அம்மொழியின் வேலை தொடங்கியது. லிஸ்ப் மொழியின் சிறப்பு யாதெனில், அதில் எழுதும் நிரலும் ஒரு பட்டியல்; அந்நிரல் கையாளும் பொருளும் ஒரு பட்டியல். ஆகவே ஒரு நிரல் மற்றொரு நிரலைப் பிரித்தும் கோத்தும் புதிதாக ஆக்கித் தரலாம். இவ்வியல்பைக் கண்ட திமோத்தி ஹார்ட் என்பவர், லிஸ்ப் மொழிக்கு மாக்ரோ வேண்டும் என்று 1963-இல் ஒரு குறிப்பு வரைந்தார். அன்றுமுதல் லிஸ்ப் எழுதுவோர் மொழியின் பயனாளராக மட்டும் நில்லாமல் அதன் துணை ஆசிரியராகவும் விளங்கினர். நாம் மேலே கண்ட ‘ஒழிய’ என்னும் சொல்லை லிஸ்ப் மொழியில் இரண்டு மூன்று வரிகளில் ஆக்கிக்கொள்ளலாம்.

1960-களின் பிற்பகுதியில் இக்கருத்து ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அல்கால் என்ற மொழியில் பயனாளரே புதிய வரையறைகளைச் சேர்க்க வழி வேண்டும் என்று காலர், பெர்லிஸ் என்னும் இருவர் 1967-இல் ஒரு திட்டம் வெளியிட்டனர். 1968-இல் உருவான அல்கால் 68, புதிய செயற்குறிகளை வகுக்கவும், அவற்றுள் எது முந்தி எது பிந்தி என்று முறை அமைக்கவும் இடம் தந்தது. விரியத்தக்க மொழிகளைப் பற்றியே ஆராய்வதற்கென 1969-இல் பாஸ்டன் நகரிலும், 1971-இல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரிலும் கருத்தரங்குகள் கூடின. சிறிய கரு மொழி ஒன்று போதும். அவரவர் தேவைக்கு ஏற்ப அவரவர் அதனை விரித்துக்கொள்வர். பேரகராதி போன்ற பெருமொழிகள் இனி வேண்டா என்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை முழுதும் நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை என்பதைத் தாமஸ் ஸ்டாண்டிஷ் என்பவர் 1975-இல் எழுதிய ஆய்வுரை நன்கு விளக்குகிறது. விரிவு மூவகைப்படும் என்றார் அவர். முன்பே உள்ளவற்றைக்கொண்டு புதியதை வரையறுத்தல் ஒன்று. மொழியில் அடியோடு இல்லாத ஆற்றலைப் புதிதாகச் சேர்த்தல் மற்றொன்று. உள்ள சொல்லுக்கே பொருள் கொள்ளும் விதியை மாற்றுதல் மூன்றாவது. இவற்றுள் முதல் வகையைச் சாதாரண நிரலாளரும் செய்துகொள்வர். ஏனைய இரண்டையும் செய்ய வேண்டுமாயின், மொழியின் உட்கட்டமைப்பை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் அலமாரியை இடம் மாற்றலாம். தாங்கு சுவரை இடிக்க வேண்டுமானால் கொத்தனாரை அன்றோ அழைக்க வேண்டும்? எல்லார்க்கும் எல்லா உரிமையும் என்ற முழக்கம் இவ்விடத்தில் தளர்ந்தது.

உரிமை எல்லை மீறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. சி என்னும் மொழியில் எழுத்துகளை எழுத்துகளாகவே மாற்றி வைக்கும் எளிய மாக்ரோ வசதி இருக்கிறது. யூனிக்ஸ் இயக்கமுறைக்குக் கட்டளை ஏற்கும் நிரலை எழுதிய ஸ்டீபன் போர்ன், அல்கால் 68 மொழியில் பழகியவர். அவர் சி மொழியின் அடைப்புக்குறிகளுக்கு மாற்றாக, அல்கால் போலத் தோன்றும் சொற்களை மாக்ரோக்களாக வகுத்துக்கொண்டு, தம் நிரலை எழுதினார். 1979-இல் ஏழாம் யூனிக்ஸ் பதிப்புடன் அது வெளிவந்தது. நிரல் செவ்வனே இயங்கியது. அவர் பெயராலேயே அழைக்கவும் பட்டது. ஆயின் அதனைத் திறந்து படித்த சி மொழி வல்லுநர்கள், தாம் படிப்பது எந்த மொழி என்றே திகைத்தனர். 1984-இல் தொடங்கிய, படிக்க இயலாதவாறு சி நிரல் எழுதும் வேடிக்கைப் போட்டிக்கு இந்நிரலும் ஒரு தூண்டுகோலாயிற்று. போர்ன் தமக்கு இனிய நடையில் எழுதினார். அவருக்குப் பின் அதனைப் பேணியவர்களுக்கு அந்நடை சுமையாயிற்று. பின்னாளில் அது வழக்கமான சி மொழிக்கே மாற்றி எழுதப்பட்டது.

மாக்ரோவில் மறைந்திருந்த மற்றொரு குற்றத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மாறிகளின் மதிப்பை ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கும் மாக்ரோ ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இரண்டு குவளைகளில் உள்ள பாலையும் மோரையும் இடம் மாற்ற மூன்றாவது குவளை வேண்டுமல்லவா? அதுபோல அம்மாக்ரோ தன்னுள் ‘தற்காலிகம்’ என்றொரு மாறியை வைத்திருக்கிறது. அதனைப் பயன்படுத்துபவரும் தம் நிரலில் ‘தற்காலிகம்’ என்றே ஒரு மாறிக்குப் பெயர் இட்டிருந்தால் என்ன ஆகும்? மாக்ரோ விரியும்போது இரண்டு பெயரும் ஒன்றாகி, மதிப்புகள் கலந்து, விடை பிழையாகும். பிழை எங்கே என்று தேடுபவர் கண்ணுக்கு அது புலப்படாது. ஏனெனில் அவர் எழுதிய வரிகளில் பிழையே இல்லை. இக்குற்றத்தை நீக்கும் முறையை 1986-இல் கோல்பெக்கர், ஃபிரீட்மன், ஃபெல்லைசென், டூபா என்னும் நால்வர் வெளியிட்டனர். மாக்ரோவின் உட்பெயர்களும் பயனாளர் பெயர்களும் எழுத்தால் ஒன்றாயினும் அவை வேறு வேறானவை என்று நிரல்பெயர்ப்பியே பிரித்தறியும் வழி அது. ‘தூய்மை’ உடைய மாக்ரோ என்று அதனைச் சிறப்பித்துக் கூறுவர். விரிவுரிமையைப் பறிக்காமலே அதன் கேட்டை நீக்கலாம் என்பதற்கு இது தக்க சான்று.

எனினும், கதவை அடைத்துவிடுதலே நலம் என்று கருதியவர்களும் உண்டு. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா மொழியில் மாக்ரோவுக்கு இடமில்லை. செயற்குறிகளுக்குப் பயனாளர் புதுப்பொருள் கொடுக்கவும் இடமில்லை. அதனை ஆக்கிய ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவரைச் சார்ந்தோரும் கூறிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிறர் எழுதிய சி நிரலைப் படிக்க வேண்டுமானால், முதலில் அவர் வகுத்துக்கொண்ட மாக்ரோக்களை எல்லாம் தேடிப் படிக்க வேண்டும்; ஒவ்வொருவரும் புதுமொழி ஒன்றை ஆக்கிவிடுகின்றனர் என்பது அவர்கள் குறை. ஜாவா எழுதும் ஒருவர் மற்றொருவர் நிரலை உடனே படித்துணரலாம் என்னும் நன்மை விளைந்தது. ஆயின் அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மிகப் பெரிய எண்களையோ, காசு வழுவாத பணக் கணக்கையோ ஜாவாவில் எழுதுவோர் கூட்டல் குறியை இட இயலாது. ‘கூட்டு’ என்று செயற்கூற்றின் பெயரால் அழைத்தே எழுத வேண்டும். மொழியை ஆக்கியோர் மட்டும் எழுத்துச் சரங்களை இணைக்கக் கூட்டல் குறியைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். தமக்கு நன்றெனக் கண்ட வசதியைப் பிறர்க்கு மறுத்தது முறையா என்று கேட்டவர் பலர்.

அவ்வாறு கேட்டவருள் தலைசிறந்தவர், ஜாவாவின் இலக்கண நூலை எழுதியவருள் ஒருவரான கை ஸ்டீல் என்பது வியப்பு. 1998-இல் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, அதன் வடிவத்தாலேயே புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்களை மட்டும் கொண்டு அவர் பேசத் தொடங்கினார். ஓரசைக்கு மேற்பட்ட சொல் வேண்டுமானால், முன்பே உள்ள சொற்களால் அதற்கு வரையறை கூறிவிட்டே பயன்படுத்துவது என்று தமக்குத் தாமே விதி செய்துகொண்டார். கேட்போர் முன்னிலையிலேயே ஒரு சிறு மொழி பெருமொழியாக வளர்ந்தது. சிறிய மொழியையும் ஆக்க வேண்டா, பெரிய மொழியையும் ஆக்க வேண்டா. வளரத்தக்க மொழியை ஆக்க வேண்டும். பயனாளர் சேர்க்கும் சொல், மொழியோடு பிறந்த சொல்லைப் போலவே தோன்ற வேண்டும் என்பதே அவர் கருத்து. அவர் விரும்பியவற்றுள் பொதுவகை வரையறைகள் 2004-இல் ஜாவாவில் சேர்ந்தன; செயற்குறி உரிமை சேரவில்லை.

அடைத்த கதவின் முன் எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதைப் பைத்தான் மொழியின் வரலாறு காட்டுகிறது. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மொழியாதலின், இதனை மாணவர்கள் எளிதில் உணர்வீர்கள். பைத்தானில் செயற்குறிகளுக்குப் பயனாளர் பொருள் கொடுக்கலாம். புதிய செயற்குறியைப் படைக்க இயலாது. அறிவியலார்க்கு அணிப்பெருக்கல் இன்றியமையாதது. உறுப்புக்கு உறுப்பு பெருக்குவதும் அணிமுறைப்படி பெருக்குவதும் வேறு வேறு என்பதைக் கணிதம் கற்றோர் அறிவர். பெருக்கல் குறியோ ஒன்றே ஒன்று. அக்குறிக்கு ஒரு நூலகத்திலேயே ஓரிடத்தில் ஒரு பொருளும் மற்றோரிடத்தில் மற்றொரு பொருளும் வழங்கிக் குழப்பம் விளைந்தது. தனிக்குறி வேண்டும் என்ற விண்ணப்பங்கள் 2000-ஆம் ஆண்டிலேயே எழுந்தன, அவை ஏற்கப்படவில்லை. 2014-இல் மீண்டும் ஒரு விண்ணப்பம் விரிவான காரணங்களோடு எழுந்தது. மின்னஞ்சல் முகவரியில் இடும் குறியையே அணிப்பெருக்கலுக்குரிய குறியாகப் பைத்தான் 3.5 பதிப்பு 2015-இல் ஏற்றுக்கொண்டது. ஒரு குறிக்குப் பதினைந்து ஆண்டுகள்! அத்தனை காலம் காத்ததில் நன்மையும் உண்டு: உலகெங்கும் அனைவர்க்கும் அக்குறி ஒரே பொருளைத் தருகிறது. ஆயினும் காத்திருந்த காலத்தில் அறிவியலார் எழுதிய நெளிந்த வரிகளையும் அவற்றில் புகுந்த பிழைகளையும் யார் கணக்கிட வல்லார்?

இவ்விரு நெறிகளுக்கும் இடையே ஒரு நடுவழியும் உண்டு. 2015-இல் முதற்பதிப்பு கண்ட ரஸ்ட் என்னும் மொழியில் மாக்ரோ உண்டு. அதனைச் செயற்கூறு போல அழைக்குமிடத்தில் பெயரின் பின்னே ஒரு வியப்புக்குறி இட்டாக வேண்டும். படிக்கின்றவர் அக்குறியைக் கண்டவுடன், ‘இங்கே இயல்பான விதி மட்டும் இல்லை, விழிப்பாகப் படி’ என்று உணர்ந்துகொள்வார். அம்மொழியில், செயல் தவறினால் பிழையை மேலே அனுப்பும் வேலையை முதலில் ஒரு மாக்ரோவே செய்தது. எல்லாரும் அதனை எங்கும் பயன்படுத்தக் கண்டபின், 2016-இல் வினாக்குறி ஒன்றையே அதற்குரிய செயற்குறியாக மொழியினுள் சேர்த்தனர். மாக்ரோ முன்னே சென்று பாதையை ஆராய்ந்தது. இலக்கணம் பின்னே வந்து அதனைச் சாலையாக்கியது.

இனி என் முடிவைக் கூறுகிறேன். உரிமையை மறுப்பவர்கள், ஒவ்வொருவரும் தனிமொழி பேசத் தொடங்கிவிடுவர் என்று அஞ்சுகின்றனர். அச்சம் பொய்யன்று, போர்ன் எழுதிய நிரலைக் கண்டோம். ஆனால் கதவை அடைத்தால் அத்தனிமொழிகள் பிறவாமல் நின்றுவிடுகின்றனவா? இல்லை. ஜாவா நிரலைத் தாமே எழுதித்தரும் துணைக்கருவிகள் மொழிக்கு வெளியே பல தோன்றின. ஆயிரம் செயற்கூறுகள் கொண்ட பெரிய நிரலும் ஒரு தனிமொழியே. அதன் சொற்களைக் கற்காமல் எவரும் அதனைத் திருத்த இயலாது. ஆகவே, மறுத்தலால் விரிவு ஒழியாது. இலக்கணத்தின் காவலுக்கு வெளியே போய்விடும். உரிமையைக் கொடுப்பதே நன்று. ஆனால் மூன்று காவல்களோடு கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. விரிவு நிகழும் இடம் படிப்பவர் கண்ணுக்குப் புலப்பட வேண்டும். அதன் உட்பெயர்கள் பிறர் பெயர்களோடு மோதாத தூய்மை வேண்டும். வெறும் செயற்கூற்றால் முடியும் வேலைக்கு இலக்கணத்தைத் தொடாத அடக்கம் வேண்டும். முதல் இரண்டையும் மொழியை ஆக்குவோர் அமைத்துத் தரலாம். மூன்றாவதை நிரல் எழுதுவோரே பயில வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் இன்று கற்கும் நிரல் மொழியின் ஒவ்வொரு குறியும் ஒருகாலத்தில் ஒருவர் கேட்டுப் பெற்றது அல்லது வாதிட்டு நிலைநாட்டியது. நாளை அவ்வாதங்களில் நீங்களும் கலந்துகொள்வீர்கள். அப்போது ஒரு புதிய சொல்லைச் சேர்க்க நினைத்தால், எழுதும் உங்கள் வசதியை ஒரு தட்டில் வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து, நீங்கள் அருகில் இல்லாதபோது, அதனைப் படிக்கப்போகும் முன்பின் அறியாத ஒருவரின் வருத்தத்தை மறு தட்டில் வையுங்கள். இரண்டையும் நிறுத்துப் பார்த்த பின்னும் அச்சொல் வேண்டும் என்றே தோன்றுமாயின், தயங்காது சேர்க்கலாம்.